அசைவை ஆளும் எண்கள்

வலைப்பக்கங்களில் நாம் காணும் அசைவுகள் பெரும்பாலும் எளியவை. பொத்தானைத் தொட்டதும் ஒரு பட்டியல் கீழே விரிகிறது. செய்தி அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலெழுகின்றன. தரவு வந்து சேரும்வரை சில புள்ளிகள் வட்டமாகத் துடிக்கின்றன. கண்ணுக்கு இவை வெவ்வேறு காட்சிகள். உலாவிக்கோ எல்லாம் எண்கள்தாம்: எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை டிகிரி, எவ்வளவு தாமதம். பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் மொழியான சி.எஸ்.எஸ்.இலேயே அசைவுகளையும் எழுதலாம் என்ற திட்டத்தை ஆப்பிளின் வெப்கிட் குழு 2007இல் அறிவித்தது. வலைத் தரங்களை வகுக்கும் வேர்ல்டு வைடு வெப் கன்சார்டியம் 2009 மார்ச்சில் அதற்கான முதல் பொது வரைவுகளை வெளியிட்டது. அதற்கு முன்பு அசைவு வேண்டுமென்றால் ஃபிளாஷையோ ஜாவாஸ்கிரிப்டையோ நாட வேண்டியிருந்தது. அதன் பிறகு சில வரி விதிகளே போதும் என்றானது. ஆனால் அந்த விதிகளுக்குள் எண்கள் சிதறிக் கிடந்தன. பட்டியலுக்கு 300 மில்லி நொடி, அட்டைக்கு 300 மில்லி நொடி, நிழலுக்கும் அதே 300 மில்லி நொடி. இந்த மூன்றும் தற்செயலாகச் சமமா, ஒரே காரணத்தால் சமமா என்று சொல்ல அந்த மொழியில் அன்று வழி இருக்கவில்லை.

அந்த வழியைத் திறந்துவிட்டது கஸ்டம் பிராப்பர்ட்டி. இந்த அத்தியாயத்தில் அதைத் தனிப்பண்பு என்று அழைக்கிறேன். அகலம், நிறம், எழுத்தளவு போல மொழியே வரையறுத்த பண்புகளுக்கு அப்பால், பக்கத்தை எழுதுகிறவர் தானே பெயரிட்டு உருவாக்கிக்கொள்ளும் பண்பு அது. பலரும் இதை எண்களைப் போட்டுவைக்கும் இடமாக மட்டுமே பயன்படுத்துகிறார்கள்: நிறத்துக்கு ஒரு பெயர், இடைவெளிக்கு ஒரு பெயர். அந்தப் பயன் உண்மையானதுதான். ஆனால் மிகச் சிறியது. அசைவு என்று வரும்போது தனிப்பண்பின் பெரிய பயன் வேறிடத்தில் இருக்கிறது. எண்களுக்கு இடையிலான உறவை எழுதிவைக்க அது இடம் தருகிறது. அந்த உறவுகளைப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றவும் இடம் தருகிறது. இவ்விரண்டும் சேர்வதால், அசைவின் கட்டுப்பாடு எழுதியவரிடம் மட்டும் நிற்காமல் பக்கத்தைப் படிப்பவரிடமும் போய்ச் சேர முடிகிறது. அசைவைத் தனிப்பண்புகளால் ஆளுவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் வாதம்.

மாறியும் மரபுரிமையும்

தனிப்பண்பின் பெயர் இரண்டு சிறுகோடுகளுடன் தொடங்கும். அதற்குப் பின் வரும் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. சி.எஸ்.எஸ். யூனிகோடு எழுத்துகளைப் பெயர்களில் ஏற்கிறது என்பதால் --நேரம், --தூரம், --வரிசை என்று தமிழிலேயே எழுதினால் உலாவிகள் அவற்றை அப்படியே புரிந்துகொள்ளும். இந்த அத்தியாயத்தின் எடுத்துக்காட்டுகள் எல்லாம் அந்த வகைப் பெயர்களே. பக்கத்தின் வேர் உறுப்பில் --நேரம் என்பதற்கு 300 மில்லி நொடி என்று ஒருமுறை அறிவித்துவிட்டால், அசைவு நேரம் கேட்கும் எந்த விதியிலும் ‘வார்’ என்ற செயற்கூற்றின் வழியாக அந்தப் பெயரைச் சொல்லலாம். அந்தப் பெயருக்கு மதிப்பு எதுவும் இல்லாதபோது பயன்படுத்த வேண்டிய மாற்று மதிப்பையும் அதே இடத்தில் தரலாம்.

இதை ஒரு சாதாரண மாறி என்று நினைப்பவர் நியாயமான ஒரு கேள்வி கேட்பார். சாஸ் என்ற முன்செயலி 2006இலேயே சி.எஸ்.எஸ்.க்கு மாறிகளைத் தந்துவிட்டது, 2009இல் லெஸ் வந்தது. பிறகு புதிதாக என்ன? வேறுபாடு, மதிப்பு எப்போது இடப்படுகிறது என்பதில் இருக்கிறது. சாஸ் தன் மாறிகளைக் கோப்பு தயாராகும்போதே எண்களாக மாற்றிவிடும். உலாவிக்குப் போய்ச் சேரும் கோப்பில் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். தனிப்பண்போ உலாவிக்குள்ளும் பெயராகவே வாழ்கிறது. அதோடு எழுத்துருவையும் நிறத்தையும் போலவே அது தாய் உறுப்பிலிருந்து பிள்ளை உறுப்புகளுக்கு மரபுரிமையாக இறங்குகிறது. வேரில் 300 என்று அறிவித்த நேரத்தை ஒரு பகுதியில் மட்டும் 600 என்று மாற்றினால், அந்தப் பகுதிக்குள் உள்ள அட்டைகளும் பொத்தான்களும் புதிய நேரத்தைப் பெறும். வெளியே உள்ளவை பழைய நேரத்தில் தொடரும். திரையின் அகலம் மாறினாலும், சுட்டி ஓர் உறுப்பின் மேல் வந்தாலும், ஜாவாஸ்கிரிப்ட் ஒரு மதிப்பை எழுதினாலும், அந்தப் பெயரை நம்பியிருக்கும் எல்லா விதிகளும் அந்தக் கணமே புதுக் கணக்குப் போட்டுக்கொள்கின்றன. பக்கம் எந்தச் சாதனத்தில், எந்த நிலையில், யார் முன்னால் திறக்கப்படும் என்பது கோப்பு தயாராகும் நேரத்தில் தெரியாது. தெரியாத ஒன்றை அந்த நேரத்திலேயே எண்ணாக உறையவைப்பது முன்செயலியின் எல்லை.

இந்த வடிவம் உடனே கிடைத்துவிடவில்லை. டேனியல் கிளாஸ்மனும் டேவிட் ஹயட்டும் 2008இல் முன்வைத்த திட்டத்தில் மாறிகள் கோப்பு முழுவதற்கும் பொதுவாக இருந்தன. உறுப்புக்கு உறுப்பு மாறும் வழி அதில் இல்லை. 2012 ஏப்ரலில் வெளியான வரைவு அந்தப் போக்கைக் கைவிட்டு, மாறியை ஒரு பண்பாகவே மாற்றியது. பண்பு என்றான பிறகு மரபுரிமையும், எந்த விதி எதை வெல்லும் என்ற சி.எஸ்.எஸ்.இன் பழைய ஒழுங்கும் தாமாகவே அதற்குப் பொருந்தின. 2014இல் ஃபயர்ஃபாக்ஸ் 31 இதை ஏற்றது. 2016 மார்ச்சில் குரோம் 49இலும் சஃபாரி 9.1இலும் வந்தது, 2017இல் எட்ஜ் சேர்ந்துகொண்டது. முதல் திட்டத்திலிருந்து எல்லா முக்கிய உலாவிகளும் ஏற்பதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின என்றாலும், அந்தக் காத்திருப்பில் கிடைத்தது மேம்பட்ட வடிவம்.

எண்ணை விட்டு உறவை எழுதுதல்

பன்னிரண்டு புள்ளிகள் வட்டமாக நின்று ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும் காத்திருப்புச் சின்னத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 1.2 நொடி என்றால் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 0.1 நொடி தாமதம் வேண்டும். பழைய முறையில் இதற்குப் பன்னிரண்டு விதிகள் எழுத வேண்டும்: 0, 0.1, 0.2 என்று 1.1 வரை. சுற்று சற்றே மெதுவாக, 1.8 நொடியாக இருக்கட்டும் என்று வடிவமைப்பாளர் முடிவெடுத்தால் நேரத்தை மாற்றுவது மட்டும் போதாது, இடைவெளி 0.15 ஆகிவிடுவதால் முதல் பூஜ்யத்தைத் தவிர மற்ற பதினொரு தாமதங்களையும் திருத்த வேண்டும். பத்தைத் திருத்தி ஒன்றை விட்டுவிட்டால் அலையில் ஒரு முறிவு தெரியும். புள்ளிகளை எட்டாகக் குறைத்தால் கணக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து. இங்கே உண்மையில் இருப்பது பன்னிரண்டு தகவல்கள் இல்லை; ஒரே ஒரு உறவு. தாமதம் என்பது சுற்று நேரத்தைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்து, வரிசை எண்ணால் பெருக்கியது. ஒவ்வொரு புள்ளிக்கும் --வரிசை என்ற எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, இந்த வாய்பாட்டை ‘கால்க்’ செயற்கூற்றில் ஒருமுறை எழுதினால் போதும். நேரமோ எண்ணிக்கையோ மாறும்போது அலை தானே சரியாகிக்கொள்ளும். வாய்பாட்டின் விடையை எதிர்மறை எண்ணாக்கினால் இன்னொரு நன்மையும் கிடைக்கும்: எதிர்மறைத் தாமதம் பெற்ற அசைவு ஏற்கெனவே அவ்வளவு நேரம் ஓடிவிட்டது போலத் தொடங்கும் என்பதால், பக்கம் திறந்த முதல் கணத்திலேயே பன்னிரண்டு புள்ளிகளும் அலையின் நடுவில் இருக்கும்.

இது கச்சேரியில் பாடகர் எடுத்துக்கொள்ளும் காலப்பிரமாணத்தை ஒத்தது. அது ஒருமுறை நிலைத்துவிட்டால் இரண்டாம் காலம் அதைப்போல் இருமடங்கு வேகம் என்று தானாக அமைகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் தனியே வேகம் குறித்துவைக்க யாருக்கும் தேவை இருப்பதில்லை. வலைப்பக்கத்திலும் அடிப்படை நேரம் ஒன்றை வைத்துக்கொண்டு, சிறிய அசைவு அதில் பாதி, பெரிய பெயர்ச்சி அதில் ஒன்றரை மடங்கு என்று எழுதும்போது அசைவுகளுக்குள் ஓர் இசைவு வருகிறது. அந்த இசைவு பிறகு செய்யப்படும் திருத்தங்களில் கலைந்துவிடுவதும் இல்லை.

கீஃப்ரேம் எனப்படும் அசைவுக் குறிப்புகளிலும் இதே பயன் உண்டு. தொடக்கத்தில் எங்கே, முடிவில் எங்கே என்று சொல்லும் அந்தக் குறிப்புக்குள் ‘வார்’ வழியாகத் தனிப்பண்பை வைக்கலாம். அதன் மதிப்பு அசையும் உறுப்பைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகிறது. எனவே ‘--தூரம் அளவுக்குத் தள்ளி நின்று தன் இடத்துக்கு வா’ என்ற ஒரே குறிப்பு, 20 பிக்சல் தூரம் பெற்ற பொத்தானை மெல்ல நகர்த்தும். 200 பிக்சல் பெற்ற பலகையைத் தொலைவிலிருந்து கொண்டுவரும். எதிர்மறை எண் பெற்றதை மறுபக்கத்திலிருந்து வரவைக்கும். இடமிருந்து வருவது, வலமிருந்து வருவது, கீழிருந்து எழுவது என்று தனித்தனிக் குறிப்புகளாக எழுதிக் குவித்தவை ஒரே குறிப்பாகச் சுருங்குகின்றன. அசைவின் வடிவம் ஓரிடத்தில், அதன் அளவு வேறிடத்தில் என்று பிரிவதால், ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்ற முடிகிறது.

உறவை எங்கே எழுதுகிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். தாமதத்துக்கான வாய்பாட்டை வேர் உறுப்பில் ஒரு தனிப்பண்பாக எழுதிவைத்தால், வாய்பாட்டில் உள்ள பெயர்களுக்கு வேரில் என்ன மதிப்போ அது அங்கேயே இடப்பட்டுவிடும். பிள்ளை உறுப்புகளுக்கு இறங்குவது வாய்பாடு இல்லை, அதன் விடை. பிள்ளை உறுப்பில் --வரிசையை மாற்றினாலும் மேலிருந்து வந்த தாமதம் மாறாது. உறவு எந்த உறுப்புகளுக்குப் பொருந்த வேண்டுமோ அந்த உறுப்புகளின் விதியிலேயே அதை எழுத வேண்டும். தனிப்பண்பு வேலை செய்யவில்லை என்று டெவலப்பர்கள் சொல்லும் பல இடங்களில் நடந்திருப்பது இதுதான்.

வகை தெரிந்த பண்பு

இதுவரை சொன்னவற்றில் தனிப்பண்பு அசைவுக்கு அளவு கொடுத்தது; தான் அசையவில்லை. தனிப்பண்பின் மதிப்பையே 0 டிகிரியிலிருந்து 360 டிகிரி வரை மெல்ல மெல்ல மாற்ற முடியுமா? தொடக்க ஆண்டுகளில் முடியவில்லை. காரணம் எளியது. உலாவியைப் பொறுத்தவரை தனிப்பண்பின் மதிப்பு வெறும் எழுத்துத் தொடர். அது கோணமாகவும் இருக்கலாம், நிறமாகவும் இருக்கலாம், பொருளற்ற சொல்லாகவும் இருக்கலாம். இரண்டு எண்களுக்கு நடுவே எது என்று கணக்கிடலாம். இரண்டு எழுத்துத் தொடர்களுக்கு நடுவே எது என்று கணக்கிட வழியில்லை. அதனால் கீஃப்ரேமில் வகை அறியாத தனிப்பண்பை மாற்றச் சொன்னால், பாதி நேரம் பழைய மதிப்பில் நின்றுவிட்டு, சரியாக நடுவில் புதிய மதிப்புக்குத் தாவும்.

ஹூடினி என்ற பெயரில் உலாவி நிறுவனங்கள் கூடி வகுத்த திட்டங்களில் ஒன்று இந்தத் தடையை நீக்கியது. ‘அட் பிராப்பர்ட்டி’ என்ற விதியில் எழுதுகிறவர் மூன்று செய்திகளைச் சொல்கிறார்: இந்தப் பண்பின் வகை என்ன, இது மரபுரிமையாக இறங்க வேண்டுமா, மதிப்பு எதுவும் இல்லாதபோது தொடக்க மதிப்பு என்ன. கோணம் என்று வகை தெரிந்ததும் 0க்கும் 360க்கும் நடுவே 180 என்று உலாவிக்குக் கணக்குப் போட முடிகிறது. இதன் பயனைக் காட்ட நல்ல சான்று நிறச்சாயல்கள். ஒரு நிறம் இன்னொரு நிறத்தில் கரையும் கிரேடியன்ட், சி.எஸ்.எஸ்.இல் ஒரு படமாகவே கருதப்படுகிறது. இரண்டு கிரேடியன்ட்களுக்கு இடையே மெல்ல மாறும் அசைவு நேரடியாகக் கிடைப்பதில்லை. ஆனால் கிரேடியன்ட்டின் கோணத்தை --கோணம் என்ற வகை தெரிந்த தனிப்பண்பாக்கி அந்தக் கோணத்தை அசைத்தால், அட்டையின் ஓரத்தைச் சுற்றி ஒளி ஓடுவது போன்ற காட்சி ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் கிடைக்கிறது. மொழி அசைக்க அனுமதிக்காத ஒன்றின் உள்ளே இருக்கும் எண்ணைத் தனியே எடுத்து அசைக்கும் வழி இது. குரோம் 85இல் 2020இலும், சஃபாரி 16.4இல் 2023 மார்ச்சிலும், ஃபயர்ஃபாக்ஸ் 128இல் 2024 ஜூலையிலும் இந்த விதி வந்து சேர்ந்தது. எனவே முக்கிய உலாவிகள் எல்லாவற்றின் புதிய பதிப்புகளிலும் இன்று இதை நம்பி எழுதலாம்.

வகை சொல்வதில் இன்னொரு நன்மை, பிழை அடங்கும் விதம். தனிப்பண்புகளின் மீது வைக்கப்படும் குறைகளில் வலுவானது, அவை சத்தமில்லாமல் தோற்கின்றன என்பது. --நேரம் என்பதற்கு 300 என்று அலகில்லாமல் எழுதிவிட்டால் உலாவி எச்சரிப்பதில்லை. அந்த மதிப்பு ஓர் அசைவின் நேரமாகச் செல்லும் கணத்தில்தான் பொருந்தாமை தெரியவருகிறது; அப்போது அந்த அசைவின் நேரம் தன் தொடக்க மதிப்பான பூஜ்யத்துக்குப் போய்விடும். அசைவு நடக்காது, ஏன் நடக்கவில்லை என்றும் தெரியாது. எண்ணுக்குப் பின்னால் அலகை ஒட்டவைக்கவும் முடியாது. ஒரு மில்லி நொடியால் பெருக்கித்தான் நேரமாக மாற்ற வேண்டும். இந்தக் குறை உண்மையானது. ஆனால் நேரம் என்று வகை அறிவிக்கப்பட்ட தனிப்பண்புக்குப் பொருந்தாத மதிப்பு வந்தால், உலாவி அதை ஒதுக்கிவிட்டு, மேலிருந்து இறங்கிய மதிப்பையோ அறிவித்த தொடக்க மதிப்பையோ எடுத்துக்கொள்கிறது. அசைவு முடங்காமல், நாம் முன்பே தேர்ந்துவைத்த நல்ல நிலையில் தொடர்கிறது. அசைவை ஆளும் முக்கியமான தனிப்பண்புகளுக்கு வகை அறிவிப்பதைக் கடமையாகவே கொள்ளலாம்.

மறுப்புகள்

சி.எஸ்.எஸ்.ஐ உருவாக்கிய இருவரில் ஒருவரான பெர்ட் போஸ், 2008இல் மாறிகளே இந்த மொழிக்குத் தீங்கு என்று ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய கவலை மேலோட்டமானது இல்லை. நிரலாளர் அல்லாதவரும் படித்து, பார்த்து, பின்பற்றிக் கற்கக்கூடிய மொழியாக சி.எஸ்.எஸ். இருக்க வேண்டும். ஒரு விதியைப் படித்தால் அதன் விளைவு அங்கேயே தெரிய வேண்டும். பெயர் ஓரிடத்திலும் மதிப்பு வேறிடத்திலும் இருந்தால், கற்பவர் அங்குமிங்கும் தேட வேண்டிவரும். அன்று பேசப்பட்ட மாறிகளுக்கு, அதாவது கோப்பு முழுவதற்கும் மாறாத பெயர்களுக்கு, இந்த மறுப்பு பெருமளவு பொருந்தும். அந்த வேலையை முன்செயலிகள் செய்துகொள்ளட்டும் என்பதும் நியாயமே. ஆனால் பின்னர் வந்த தனிப்பண்பு வேறு பொருள். உறுப்புக்கு உறுப்பு, நிலைக்கு நிலை மாறுவதை எந்த முன்செயலியாலும் தர இயலாது. தெளிவு என்று பார்த்தாலும், 0.1, 0.2, 0.3 என்று தொடரும் பன்னிரண்டு விதிகளைப் படிக்கும் மாணவர் எண்களை மட்டும் பார்க்கிறார். சுற்று நேரத்தை எண்ணிக்கையால் வகுத்து வரிசையால் பெருக்கு என்ற ஒரு வரியைப் படிப்பவர் காரணத்தையும் பார்க்கிறார். போஸின் எச்சரிக்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு: எல்லா எண்ணுக்கும் பெயர் வைக்கக் கூடாது. ஒரே இடத்தில் வரும், வேறெதனோடும் உறவில்லாத எண் எண்ணாகவே இருக்கட்டும்.

இரண்டாவது மறுப்பு ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்திலிருந்து வருகிறது. அசைவை நுணுக்கமாக ஆள வேண்டுமென்றால் முழு நிரல்மொழி இருக்க, தோற்ற மொழியில் கணக்குப் போடுவானேன்? சில வேலைகளில் இந்த மறுப்பு சரியே. நடுவில் தடுத்துத் திசைமாற்ற வேண்டிய அசைவுகளுக்கும், சுருள்வில்லின் இயற்பியலைப் பின்பற்றும் அசைவுகளுக்கும், பல கட்டங்களாகத் தொடரும் நீண்ட காட்சிகளுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள்தாம் பொருத்தம். ஆனால் அங்கும் தனிப்பண்பு இரண்டு மொழிகளுக்கும் நடுவே நல்ல எல்லைக்கோடாக நிற்கிறது. சுட்டி நகரும்போது அது எங்கே இருக்கிறது என்பதை அளந்து, --கிடை, --நெடு என்ற இரண்டு தனிப்பண்புகளில் எழுதுவதோடு ஜாவாஸ்கிரிப்டின் வேலை முடியட்டும். அந்த எண்களைக் கொண்டு அட்டை சாய்வதா, நிழல் நகர்வதா, ஒளி பரவுவதா என்பதை சி.எஸ்.எஸ். முடிவு செய்யட்டும். அளப்பது ஒருவர் பொறுப்பு, அதைத் தோற்றமாக்குவது இன்னொருவர் பொறுப்பு. வடிவமைப்பாளர் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டால் நிரலைத் தொட வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு வேகம் பற்றியது. எளிதில் தள்ள முடியாததும் இதுவே. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒவ்வொரு படத்துக்கும் உலாவிக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி; 120 முறை புதுப்பிக்கும் திரையில் சுமார் 8.3 மில்லி நொடி. இடப்பெயர்ச்சி, சுழற்சி, ஒளிபுகுநிலை ஆகியவற்றின் அசைவுகளை உலாவிகள் பொதுவாகப் பக்கத்தின் மற்ற வேலைகள் நடக்கும் மெயின் திரெட்டுக்கு வெளியே, தனியாக நடத்திவிடுகின்றன. ஆனால் தனிப்பண்பையே அசைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் தோற்றக் கணக்கை மெயின் திரெட்டில் மீண்டும் போட வேண்டும். வேர் உறுப்பில் உள்ள தனிப்பண்பை நொடிக்கு 60 முறை மாற்றினால், அது இறங்கிச் செல்லும் எல்லா உறுப்புகளுக்கும் அந்தச் சுமை பரவக்கூடும். விலை குறைந்த செல்பேசியில் அது தெளிவாகத் தெரியும். இதற்கு விடை தனிப்பண்பைக் கைவிடுவதில் இல்லை, அதன் எல்லையை அறிவதில் இருக்கிறது. அசைவு தொடங்கும் முன் அளவைத் தீர்மானிக்கத் தனிப்பண்பைப் பயன்படுத்தினால் இந்தச் செலவு கிட்டத்தட்ட இல்லை: மதிப்பு ஒருமுறை இடப்பட்ட பின் அது வழக்கமான இடப்பெயர்ச்சியாகவே நடக்கிறது. தொடர்ந்து மாற வேண்டிய தனிப்பண்பை வேரில் வைக்காமல், அது தேவைப்படும் உறுப்பிலேயே வைக்க வேண்டும். வகை அறிவிக்கும்போது மரபுரிமை வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். கிரேடியன்ட்டின் கோணம் போல வேறு வழியில்லாத இடங்களில் மட்டும் தனிப்பண்பையே அசைக்கலாம்.

படிப்பவர் கையில் கட்டுப்பாடு

இவ்வளவும் எழுதுகிறவரின் வசதி பற்றியது. என் வாதத்தின் மையம் இதற்கு அப்பால் இருக்கிறது. ஹாகன் வியூம் லீ 1994 அக்டோபரில் செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது சி.எஸ்.எஸ்.இன் முதல் வரைவை வெளியிட்டார். அந்த வரைவில், ஒரு விதிக்கு எத்தனை விழுக்காடு செல்வாக்கு என்று குறிப்பிடும் வழி இருந்தது. பக்கத்தின் தோற்றத்தை எழுதியவர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது, படிப்பவருக்கும் அதில் பங்கு உண்டு என்ற எண்ணம்தான் அதன் அடிப்படை. விழுக்காட்டு முறை பிறகு கைவிடப்பட்டாலும் அந்த எண்ணம் மொழியின் அடித்தளத்தில் தங்கிவிட்டது. அசைவைப் பொறுத்தவரை அது விருப்பம் சார்ந்த ஆடம்பரம் இல்லை. உடல்நலம் சார்ந்த தேவை. உட்காதின் சமநிலை உறுப்பில் கோளாறு உள்ளவர்களுக்குத் திரையில் நிகழும் பெரிய பெயர்ச்சிகளும் ஆழம் காட்டும் அசைவுகளும் தலைசுற்றலையும் குமட்டலையும் தரக்கூடும்: கண் அசைவைச் சொல்கிறது, உட்காது அசைவில்லை என்கிறது. 2013இல் ஆப்பிளின் ஐஓஎஸ் 7 பெரிய அசைவுகளுடன் வெளிவந்தபோது பயனர்கள் பலர் இதை முறையிட்டார்கள். பின்னர் வந்த ஒரு புதுப்பிப்பில் அசைவைக் குறைக்கும் அமைப்பின் வீச்சு கூட்டப்பட்டது.

அந்த அமைப்பை ஒருவர் தன் சாதனத்தில் தேர்ந்திருக்கிறாரா என்று வலைப்பக்கம் அறிந்துகொள்ள ‘பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன்’ என்ற வினா 2017இல் சஃபாரியிலும், 2019க்குள் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் வந்தது. வினா கிடைத்துவிட்டது, விடையை என்ன செய்வது? எண்கள் சிதறிக் கிடக்கும் பக்கத்தில் வழக்கமான தீர்வு, எல்லா அசைவுகளையும் ஒரே அடியாக நிறுத்துவது. இது முரட்டுத் தீர்வு. அவர் கேட்டது குறைக்க, நிறுத்த இல்லை. செய்தி வந்துவிட்டது, பொருள் கூடையில் சேர்ந்துவிட்டது என்று அறிவிக்கும் அசைவும் அதோடு போய்விடுகிறது. தனிப்பண்புகளால் எழுதப்பட்ட பக்கத்தில் --அசைவளவு என்ற ஒரு பெருக்கெண்ணை வேரில் 1 என்று வைத்து, எல்லாத் தூரங்களையும் கோணங்களையும் அதனால் பெருக்கி எழுதியிருப்போம். அசைவைக் குறைக்கச் சொன்னவருக்கு அது 0 ஆகிறது. அட்டை தொலைவிலிருந்து பறந்து வராது. தன் இடத்திலேயே மெல்ல வெளிப்படும். செய்தி போய்ச் சேர்கிறது, தலைசுற்றல் வருவதில்லை. அசைவின் தூரமும் அதன் ஒளிபுகுநிலையும் தனித்தனியே ஆளப்படுவதால்தான் இந்த நுட்பமான வேறுபாடு சாத்தியமாகிறது. ஐந்து நொடிக்கு மேல் தானாக ஓடிக்கொண்டு மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தோன்றும் அசைவை நிறுத்திவைக்க வழி தர வேண்டும் என்பது வலை அணுகல் வழிகாட்டி நெறிகளின் அடிப்படை நிலை விதி. --ஓட்டம் என்ற தனிப்பண்பை எல்லா அசைவுகளும் கேட்டு நடக்குமாறு எழுதியிருந்தால், ஒரு பொத்தானால் அந்த ஒரு மதிப்பை மாற்றியே அதை நிறைவேற்றலாம்.

வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் பாகங்கள் நம் பெயர்களை அறியாதே என்ற கேள்வி எஞ்சுகிறது. நாள்காட்டி, ஒளிப்பட அடுக்கு போன்றவை ஷேடோ டாம் என்ற வேலிக்குள் எழுதப்படுகின்றன. வெளியே உள்ள செலக்டர்களால் அந்த வேலிக்குள் நுழைய முடியாது. ஆனால் மரபுரிமையாக இறங்கும் பண்புகள் அந்த வேலியைத் தாண்டும். தனிப்பண்புகளும் அவ்வாறே தாண்டும். பாகத்தை எழுதியவர் தன் அசைவுகளை எந்தெந்தத் தனிப்பண்புகள் ஆளும் என்று அறிவித்து, அவை வராதபோது பயன்படுத்த மாற்று மதிப்பையும் வைத்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே வெளியிலிருந்து அதன் அசைவைக் குறைக்கலாம். அறிவிக்காத பாகங்களும் உண்டு என்பது உண்மை. அது தனிப்பண்பின் குறை அல்ல. பாகங்களை எழுதுகிறவர்களிடம் நாம் கேட்டுப் பெற வேண்டிய ஒழுக்கம்.

ஆகவே வலைப்பக்கம் எழுதும் ஒவ்வொருவரிடமும் என் வேண்டுகோள் இது. உங்கள் பக்கத்தின் அசைவுகளில் நேரம், தூரம், வரிசை ஆகிய மூன்றுக்கும் பெயர் வையுங்கள். அவற்றுக்கு வகை அறிவியுங்கள். ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் எண்ணை எண்ணாக எழுதாமல் உறவாக எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெருக்கெண்ணை வைத்து, அதைப் படிப்பவரின் சாதன அமைப்போடு இணையுங்கள். சில வரிகளில் முடியும் இந்த வேலைக்கு வேண்டிய எல்லாமே இன்றைய உலாவிகளில் இருக்கின்றன. அசைவைக் குறைத்துக்கொள்ளும் உரிமை படிப்பவருக்கு உண்டு. அந்த உரிமைக்கு இடம் வைக்காத அசைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் முடிக்கப்படாத வேலைதான்.